பத்து தீகா வழியாகக் கிள்ளானுக்கு

கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தில் நின்று செல்லும் கொமுட்டர் ரயில் பாதை ஒன்றுக்கு ஒரு முனை தஞ்சோங் மாலிம், மறுமுனை கிள்ளான் துறைமுகம். தஞ்சோங் மாலிமில் புரோட்டான் கார்த் தொழிற்சாலை இருக்கிறது. நடுவழியில் பத்து தீகா, ஷா ஆலம் என்று இரண்டு நிலையங்கள் வரும். மலேசியாவின் முதல் சொந்தக் காரான சாகா உருவானது அந்த வட்டாரத்தில்தான். மலேசியாவின் பழைய கார்ப் பந்தயத் தடம் இருந்ததும் அதே பத்து தீகாவில்தான். ஒரு நாடு தன் காரைக் கட்டிய இடமும் காரை விரட்டிப் பார்த்த இடமும் அக்கம்பக்கமாக இருந்திருக்கின்றன. இந்தச் செய்தி பல காலமாக என் மனத்தில் இருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் போனதும் இரட்டைக் கோபுரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் இந்த ரயிலைப் பிடித்தேன்.

தங்கியது பிரிக்பீல்ட்ஸில். துன் சம்பந்தன் சாலையில் காலை ஆறரை மணிக்கே தோசைக்கல் சூடேறிவிடுகிறது. பூக்கடைகளுக்கு வெளியே மல்லிகை தொங்குகிறது, கேசட் கடைகளாக இருந்தவை இன்று கைப்பேசிக் கடைகளாகியும் பாட்டை நிறுத்தவில்லை. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இந்தத் தெருவில் சாப்பிட்டு, படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இந்த ஊரின் கதை இயந்திரத்தோடு தொடங்குகிறது. முதலில் செங்கல் சூளைகள், பிறகு ரயில்வே. ரயில்வேயில் எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் யாழ்ப்பாணத் தமிழர் வந்தார்கள். தண்டவாளம் போடவும் பட்டறையில் இரும்பு தட்டவும் தென்னிந்தியத் தமிழர் வந்தார்கள். யாழ்ப்பாணத்தார் எழுப்பிய கந்தசுவாமி கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. 2001ல் திறக்கப்பட்ட சென்ட்ரல் நிலையமே ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோத்த பழைய முற்றத்தின் மேல் எழுந்ததுதான். மலேசியத் தமிழரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தோட்டம், பால்மரம், கோயில் என்று மூன்றோடு நிறுத்திவிடுகிறோம். எண்ணெய்க் கறை படிந்த கைகளையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் 1886லேயே ஓடத் தொடங்கிவிட்டது. அந்தப் பழைய வழித்தடத்தில்தான் இன்றைய மின்சார ரயில் போகிறது. பெட்டாலிங், சுபாங் ஜெயா தாண்டியதும் பத்து தீகா. இறங்கினேன்.

பந்தயத் தடத்தைத் தேடி வருகிறவருக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை. 1968ல் திறந்த அந்தத் தடம் 2003ல் மூடப்பட்டது. நிலம் வீடுகளுக்கும் கட்டடங்களுக்கும் போய்விட்டது. ஆனால் என்னவெல்லாம் நடந்த இடம் அது! 1985 டிசம்பர் 1 அன்று உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன்ஷிப்பின் சிலாங்கூர் 800 கிலோமீட்டர் பந்தயம் இங்கே நடந்தது. ஜாக்கி இக்ஸும் யோக்கன் மாஸும் போர்ஷே 962சி காரில் வென்றார்கள். 1991லிருந்து 1997 வரை மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரிக்ஸ் இங்கேதான். கார்ப் பந்தயம் என்றால் பணக்காரர் விளையாட்டு, தொலைக்காட்சியில் வருவது என்றுதான் நம் ஊரில் நினைப்பு. பத்து தீகா அப்படி இருக்கவில்லை. ரயிலில் வந்து இறங்கிப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்தது.

அதே 1985ல்தான், ஜூலை 9ஆம் தேதி, பிரதமர் மகாதீர் முகமது சாகாவை வெளியிட்டார். புரோட்டான் நிறுவனம் 1983 மே மாதம் தொடங்கப்பட்டது. இரண்டே ஆண்டில் கார். மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயின் உடம்பும் எஞ்சினும்தான் அடிப்படை என்றாலும், அந்தக் காரை மலேசியர்கள் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டார்கள். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு வாழ்க்கையின் முதல் கார் சாகாதான். பிள்ளையைப் பள்ளியில் விட்டதும் தைப்பூசத்துக்குப் பத்துமலை போனதும் அதில்தான். வாடகைக் காராக ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்களும் உண்டு.

சாலையில் ஓடும் இப்படிப்பட்ட காரைப் பந்தயத்தில் இறக்குவதுதான் டூரிங் கார் பந்தயம். ஃபார்முலா ஒன் காரை வீட்டு வாசலில் யாரும் நிறுத்த முடியாது. டூரிங் கார் அப்படியல்ல. வெளியே பார்த்தால் நாம் அலுவலகத்துக்கு ஓட்டிப் போகும் அதே நான்கு கதவு வண்டி. உள்ளே இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு இரும்புக் குழாய்க் கூண்டு பொருத்தியிருப்பார்கள். சஸ்பென்ஷன், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாம் வேறு. ஆனாலும் பார்வையாளர் மேடையில் இருந்து பார்க்கிறவர் தன் காரை அடையாளம் கண்டுகொள்வார். கார் நிறுவனங்கள் இந்தப் பந்தயத்துக்கு ஆசைப்படுவது அதனால்தான்.

புரோட்டானுக்கும் அந்த ஆசை வந்தது. 2002ல் அது பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் புதிய நிறுவனமாக நுழைந்தது. மலேசியாவில் வாஜா என்று விற்ற காருக்கு பிரிட்டனில் இம்பியான் என்று பெயர். பெட்ரோனாஸ் சின்டியம் புரோட்டான் என்பது அணியின் பெயர். ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் லெஸ்லியும் பில் பென்னட்டும் ஓட்டினார்கள். அந்தத் தொடர் அப்போது மூச்சுவாங்கிக்கொண்டிருந்த நேரம். தொண்ணூறுகளில் சூப்பர் டூரிங் விதிகளின் கீழ் செலவு தாறுமாறாக ஏறியது. ஒவ்வொரு நிறுவனமாக விலகியது. செலவைக் குறைக்கும் புது விதிகள் 2001ல் வந்தன. அந்தக் கதவு வழியாகத்தான் புரோட்டான் உள்ளே போனது. அதே ஆண்டில் ஹோண்டாவும் சிவிக் காரோடு வந்தது. வாக்ஸால், எம்ஜி போன்ற பழைய பெயர்களுக்குப் பக்கத்தில், பதினேழு வயதான ஓர் ஆசியக் காரின் தயாரிப்பாளர் போய் நின்றது சின்ன காரியமில்லை. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓட்டியவர்கள் பிரிட்டன்காரர்கள், பந்தயம் நடந்ததும் பிரிட்டனில். வாஜாவைக் கட்டியவர்கள் ஷா ஆலமில் இருந்தார்கள். அவர்கள் கட்டிய கார் டானிங்டனிலும் பிராண்ட்ஸ் ஹேட்சிலும் ஓடியதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்க வழியில்லை. பின்னாளில், 2011ல், டான் வெல்ச் என்ற ஓட்டுநர் தன் சொந்த அணியோடு புரோட்டான் ஜென்-2 காரை அதே தொடரில் ஓட்டினார். நிறுவனம் விலகிய பிறகும் தனி மனிதர் ஒருவர் ஒரு மலேசியக் காரை நம்பிக் களத்தில் இறக்கியிருக்கிறார். அதுவும் பிரிட்டனில்தான்.

2002க்கு இன்னொரு முகமும் உண்டு. மலேசியரான கரம்ஜித் சிங், துணை ஓட்டுநர் ஆலன் ஓவோடு புரோட்டான் பெர்ட் காரில் உலக ராலியின் தயாரிப்புக் கார் பிரிவில் அந்த ஆண்டு உலக சாம்பியன் ஆனார். சீக்கியரும் சீனருமான இரண்டு மலேசியர்கள் மலேசியப் பெயர் தாங்கிய காரில் உலகத்தை வென்றார்கள். பிரிட்டன் பந்தயத்தை மறந்துவிட்ட மலேசியர்களிடம்கூடக் கரம்ஜித் பெயரைச் சொன்னால் முகம் மலர்கிறது. நம்மவர் ஓட்டினார், நம்ம கார் ஓடியது என்ற பெருமை அது. விளம்பரம் செய்து அந்தப் பெருமையை வாங்க முடியாது.

பத்து தீகாவிலிருந்து மறுபடி ரயில். ஷா ஆலம், பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக், கிள்ளான். தெங்கு கிளானா சாலையின் லிட்டில் இந்தியா, பிரிக்பீல்ட்ஸைவிட நெரிசலானது. என் கண்ணுக்கு அழகும் அதிகம். பிரிக்பீல்ட்ஸில் சுற்றுலாப் பயணிக்காகப் பூசிய வண்ணம் கொஞ்சம் உண்டு. கிள்ளானில் உள்ளூர்க்காரர் தங்கள் வீட்டுக்கு வேண்டிய புடவை, பாத்திரம், பலகாரம் வாங்க வருகிறார்கள். அந்தத் தெருவைத் தாண்டி உள்ளே நடந்தால் ஒர்க்‌ஷாப்புகள். தகரக் கூரை, தரையெல்லாம் கறுப்பு, மேலே முருகன் படத்துக்கு ஒரு சின்ன விளக்கு. தூக்கி நிறுத்தியிருந்த கார்களில் பாதிக்குமேல் புரோட்டானும், இன்னொரு மலேசியக் காரான பெரோடுவாவும்.

ஒரு ஒர்க்‌ஷாப் உரிமையாளர் தே ஓ எனப்படும் பாலில்லாத தேநீர் வரவழைத்துக் கொடுத்து உட்காரச் சொன்னார். அவர் அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இவர் பதினைந்து வயதில் ஒரு சீன முதலாளியின் பட்டறையில் சேர்ந்து வேலை கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாகத் தொடங்கியவர்.

“பழைய சாகா காடி வந்துச்சுன்னா கண்ண மூடிக்கிட்டுக் கழட்டி மாட்டுவோம்ணே. எங்களுக்கு வேல கத்துக் குடுத்ததே அந்தக் காடிதான்” என்றார்.

புரோட்டான் இங்கிலாந்தில் பந்தயம் ஓடியது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“பேப்பர்ல பார்த்தோம். காடிய நேர்ல பார்க்கல. எங்களுக்கு அதுல என்னாண்ணே இருக்கு?” கொஞ்சம் நிறுத்தி, காருக்கு அடியில் படுத்திருந்த இரண்டு இளைஞர்களைக் காட்டினார். “இந்தப் பையனுங்களுக்கு எஞ்சின் வேல தெரியும். ஸ்கூல்ல மார்க்கு வராதவனுங்க. ஆனா காதுல கேட்டே எந்த வால்வு சரியில்லன்னு சொல்லுவான். ஒரு ரேஸ் காடியில கை வைக்க விட்டா, அதுக்கப்புறம் இவன் வாழ்க்கையே வேறண்ணே.”

அந்தப் பேச்சு என்னைவிட்டுப் போகவில்லை. ஒரு நிறுவனம் பந்தயத் தொடரில் சேருகிறது என்ற செய்தி வரும்போது நாம் காரின் குதிரைத் திறனைப் பார்க்கிறோம், ஓட்டுநர் யார் என்று பார்க்கிறோம். அந்தக் காரைக் கட்டுகிற கை எந்த ஊர்க் கை என்று கேட்பதில்லை. ஒரு பந்தயக் காருக்குப் பின்னால் வெல்டர், எஞ்சின் கட்டுபவர், டயர் பார்ப்பவர், கணினித் தரவைப் படிப்பவர் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு நல்ல சம்பளம் உண்டு. அந்த வேலையைக் கற்றவனுக்கு உலகின் எந்த மூலையிலும் கதவு திறக்கும்.

மலேசியாவில் இதைச் செய்து காட்டியவர்களும் உண்டு. புரோட்டானின் பந்தயப் பிரிவுக்கு ஆர்3 என்று பெயர். ரேஸ், ராலி, ரிசர்ச் என்ற மூன்றின் சுருக்கம். செப்பாங்கில் நடக்கும் 1000 கிலோமீட்டர் டூரிங் கார் பந்தயத்தில் சாகாவையும் இரிஸையும் அவர்கள் இறக்கினார்கள். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர் என்றால் 1000 கிலோமீட்டருக்கு 181 சுற்று. அந்த வெயிலில், நடுவில் கொட்டும் மழையில், சின்ன எஞ்சின் கொண்ட குடும்பக் காரைப் பகல் முழுக்க விரட்டுவது உடம்புக்கும் இயந்திரத்துக்கும் கடும் சோதனை. அந்த அணியில் ஓட்டியவர்களின் பட்டியலில் ஜேம்ஸ் வீரப்பன் என்ற பெயரைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ஹோண்டாவும் டொயோட்டாவும் தங்கள் மலேசியக் கிளைகளின் வழியாக உள்நாட்டுப் பந்தயத்துக்கு வந்தது இந்தக் களத்தின் மதிப்பைக் கூட்டியிருக்கிறது. டொயோட்டா 2017ல் வியோஸ் கார்களுக்கு மட்டுமான ஒரு தொடரையே தொடங்கியது.

செப்பாங்குக்குப் போக ரயில் பாதி வழிதான் உதவும். விமான நிலையம் வரை ரயில், அங்கிருந்து கிராப் வாடகைக் கார். இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள். ஜெர்மானியரான ஹெர்மன் டில்கே வடிவமைத்த தடம் 1999ல் திறந்தது. அந்த ஆண்டிலிருந்து 2017 வரை ஃபார்முலா ஒன் இங்கே நடந்தது. நான் போனது உள்நாட்டு டூரிங் கார்கள் ஓடிய ஒரு வார இறுதியில். பிரம்மாண்டமான மேடைகளில் கூட்டம் குறைவு. ஆனால் பிட் பக்கம் ஒரே பரபரப்பு. ஓட்டுநரின் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலம் பிரித்துக்கொண்டிருக்கிறார். மகன் தலைக்கவசத்தோடு நிற்கிறான். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஒலிக்கின்றன. கொடி அசைந்ததும் முதல் வளைவில் பத்துப் பதினைந்து கார்கள் பம்பரோடு பம்பர் உரசிக்கொண்டு திரும்பியதைப் பார்த்தேன். ஃபார்முலா ஒன்னில் இந்த நெருக்கம் கிடைக்காது.

உலக டூரிங் கார் பந்தயத்தின் இன்றைய வடிவம் பிறந்ததும் இந்தத் தடத்தில்தான் என்பது மலேசியர்களிலேயே பலருக்குத் தெரியாது. இத்தாலியரான மார்செல்லோ லோட்டி வகுத்த டிசிஆர் விதிகளின் கீழ் முதல் சர்வதேசத் தொடரின் முதல் பந்தயம் 2015 மார்ச் 28, 29 தேதிகளில், மலேசிய ஃபார்முலா ஒன் பந்தயத்தின் துணைப் பந்தயமாக இங்கே ஓடியது. டிசிஆரின் யோசனை எளிமையானது. இரண்டு லிட்டர் வரையிலான டர்போ எஞ்சின், முன்சக்கர இயக்கம், சாலைக் காரின் உடம்பு. நிறுவனம் நேரடியாக அணி நடத்தாது. காரைக் கட்டி விற்கும், தனியார் அணிகள் வாங்கி ஓட்டும். புதிதாக ஒரு கார் வந்தால் அதை அளந்து, எடையையும் எஞ்சின் திறனையும் கூட்டிக் குறைத்து மற்ற கார்களுக்குச் சமமாக்குவார்கள். அதனால் புதிய நிறுவனம் கோடிகளைக் கொட்டாமலேயே உள்ளே வர முடியும். சீட்டும் ஹோண்டாவும் தொடங்கிய இடத்துக்கு ஃபோக்ஸ்வாகன், ஆல்ஃபா ரோமியோ கார்களும் அடுத்தடுத்து வந்தன. 2017 அக்டோபரில் ஹூண்டாய் ஐ30 என் காரோடு சீனாவின் செஜியாங்கில் இறங்கியது. முதல் வார இறுதியிலேயே கேப்ரியேலே தார்குவினி அதில் வென்றார். மறு ஆண்டு டிசிஆர் கார்கள் ஓடிய உலகக் கோப்பையும் அவருக்கே.

2019ல் அந்தக் கோப்பைக்கு வந்த புதிய நிறுவனம் லிங்க் அண்ட் கோ. சீனாவின் ஜீலி குழுமத்தைச் சேர்ந்தது. ஸ்வீடனின் சையன் ரேசிங் அணி அதன் 03 செடானை ஓட்டியது. அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம் டிசம்பர் 15 அன்று செப்பாங்கில், இருட்டிய பிறகு விளக்கொளியில் முடிந்தது. ஓட்டுநர் பட்டம் ஹூண்டாய் ஓட்டிய ஹங்கேரியர் நார்பர்ட் மிகேலிஸுக்கு. அணிப் பட்டம் லிங்க் அண்ட் கோவுக்கு. நுழைந்த முதல் ஆண்டிலேயே. இதே ஜீலிதான் 2017ல் புரோட்டானின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கிய நிறுவனம். புரோட்டானின் உடன்பிறந்த நிறுவனம் ஒன்று, புரோட்டானின் சொந்த ஊரில், உலகப் பட்டம் வாங்கிப் போயிருக்கிறது. புரோட்டான் கார் மட்டும் அந்தக் களத்தில் இல்லை. அதே 2019ல் டிசிஆர் மலேசியா என்ற உள்நாட்டுத் தொடரும் தொடங்கியது. சாம்பியன் லூகா எங்ஸ்ட்லர் என்ற ஜெர்மானிய இளைஞர். அவர் திறமையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் மலேசியாவின் பெயர் கொண்ட தொடரில் மலேசியக் கார் இல்லையே என்ற வருத்தம், செம்பனைக்கு நடுவே அந்த வெற்று மேடையில் உட்கார்ந்திருந்தபோது என்னை அழுத்தியது.

எனக்கு இதில் ஒரு சொந்தக் காரணமும் உண்டு. சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையிலும் இதே கதைதான். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் அங்கே இருக்கிறது. ஹூண்டாயின் மாபெரும் தொழிற்சாலையும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான். 1998லிருந்து அங்கே லட்சக்கணக்கில் கார்கள் உருவாகின்றன. ஆனால் ஹூண்டாயின் பந்தயக் கார்கள் பிறப்பது ஜெர்மனியின் அல்செனாவில். நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் போன்ற ஓட்டுநர்களைத் தமிழ்நாடு தந்தது. 2003ல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியாவில் ஓட்டிய அஜித்குமாரால் இன்று கார்ப் பந்தயம் என்ற சொல்லே தமிழ்நாட்டின் டீக்கடை வரை வந்துவிட்டது. ஓட்டுகிறவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். பந்தயக் காரைக் கட்டுகிற வேலைதான் இன்னும் நம் ஊருக்கு வரவில்லை. பத்து தீகாவும் இருங்காட்டுக்கோட்டையும் இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் தம்பி.

செலவு என்று சொல்வார்கள். சாலைக் கார் விற்கவே போராட்டம், இதில் பந்தயம் எதற்கு என்பார்கள். நியாயமான கேள்வி. 2002ல் அந்தக் கேள்விக்குப் பதில் கடினம், ஏனென்றால் நிறுவனமே அணியைச் சுமக்க வேண்டியிருந்தது. டிசிஆரில் காரைக் கட்டி விற்றால் போதும், மிச்சச் சுமை வாங்குகிறவருடையது. டர்போ எஞ்சினும் டிசிஆர் அனுபவமும் ஜீலி குழுமத்துக்குள்ளேயே இருக்கின்றன. தஞ்சோங் மாலிமில் புரோட்டானின் எஸ்70 என்ற செடான் உருவாகிக்கொண்டிருக்கிறது. ஆர்3 ஆட்களுக்கு செப்பாங்கின் ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். கிள்ளான் ஒர்க்‌ஷாப்புகளில் காருக்கு அடியில் படுத்திருக்கும் பையன்களும் இருக்கிறார்கள்.

புரோட்டான் மறுபடி டூரிங் கார் பந்தயத்துக்குள் வர வேண்டும். இந்த முறை காரை மலேசியாவிலேயே கட்ட வேண்டும். அதைக் கட்டும் பட்டறையில் கிள்ளான், பந்திங், ஈப்போ பிள்ளைகளுக்குப் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும். படிப்பில் மதிப்பெண் வராத மகன் கையில் ஸ்பேனரோடு நின்றால், மலேசியத் தமிழ்ப் பெற்றோரே, அவனைத் திட்டாமல் ஒரு வார இறுதியில் செப்பாங் பிட் பக்கம் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.